மண் பாரத்தில் மின்சாரம்

கேள்வி: பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு பூமிக்கடியில் தண்ணீரை ஏற்றி, மேலிருக்கும் மண்ணின் பாரத்தால் இரவில் அதைத் திரும்பப் பெறலாம் என்று படித்தேன். நம் வேலூர்ப் பக்கம் இது நடக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: டென்மார்க்கில் சிறிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மலையில்லாத நாடு, ஆகவே மண்ணையே மலையாக்க முயன்றார்கள். நீர் கசியாத கனத்த பிளாஸ்டிக் விரிப்புகள் இரண்டைத் தலையணை உறைபோல் ஓரங்களில் ஒட்டி, குழிக்குள் பரப்பி, மேலே மண்ணைக் கொட்டி மூடுகிறார்கள். மின்சாரம் மிஞ்சும்போது பம்ப், பக்கத்துக் குளத்து நீரை உறைக்குள் அழுத்தி ஏற்ற, மேல்மண் முழுவதும் மெல்ல உயரும். வேண்டும்போது வால்வைத் திறந்தால், இறங்கும் மண் நீரைப் பிதுக்கித் தள்ள, அது டர்பைனைச் சுற்றிவிட்டுக் குளத்துக்கே திரும்பும்.

கணக்குப் போட்டால் உற்சாகம் சற்றுத் தணிகிறது. ஈரமண் தண்ணீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ளது. 25 மீட்டர் கனத்துக்கு மண்ணைப் போட்டாலும், 50 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தமே கிடைக்கும். அந்த அழுத்தத்தில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றின் நீர், இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 1.6 யூனிட்தான் தரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு சிறிய ஏசியை ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துவிடும். 1,000 யூனிட் வேண்டுமென்றால் 600 லாரிக்கு மேல் நீர் வேண்டும். அதே நீர்தான் போய்வருகிறது என்றாலும், கோடையில் குளத்திலிருந்து ஆவியாகிப் போவதை ஈடுகட்டியாக வேண்டும். இங்கே பல இடங்களில் சில அடி தோண்டியதுமே பாறை தட்டும். மண்ணை வெளியிலிருந்து கொண்டுவரலாமென்றால், ஏரி வண்டல் அள்ளும் அனுமதிக்கே நம் விவசாயிகள் எத்தனை நடை நடக்கிறார்கள்!

மலையில்லாதவர்களின் வழி இது. நமக்கு ஜவ்வாது மலையும் ஏலகிரியும் இருக்கின்றன. 300 மீட்டர் உயர வேறுபாடு கிடைத்தால், அதே லாரி நீர் ஏறக்குறைய 10 யூனிட் தரும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் மேலும் கீழுமாக நீரை ஏற்றி இறக்கித்தான் பல்லாண்டுகளாக இயங்குகிறது.

கேள்வி: வற்றிப்போன போர்வெல்லை இதற்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கே.வி.குப்பம்

பதில்: ஆறரை அங்குலத் துளை ஆயிரம் அடி ஆழம் போனாலும் சுமார் 6,500 லிட்டர்தான் கொள்ளும்; அது முழுவதும் விழுந்து நிரம்பினாலும் 3 யூனிட் தேறாது. அதிலும் பாறை வெடிப்புகளில் கசிந்தது போக மிச்சத்தைத்தான் மறுநாள் மேலேற்ற முடியும். அந்தத் துளையில் மழைநீரை வடிகட்டி இறக்குங்கள். பக்கத்துக் கிணறாவது ஊறும்.