கேளுங்கள், சொல்கிறேன்: பிளாசாவில் மூன்றாவது கஞ்சாக் கடை

சென்ற இதழில் டொரொன்டோ கஞ்சாக் கடைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பிளாசாவில் ஏற்கெனவே இரண்டு கஞ்சாக் கடைகள். மூடிக்கிடக்கும் சேலைக் கடையில் மூன்றாவதும் வரப்போகிறது என்று கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மாடியில் என் மகள் பரதம் பழகுகிறாள், பக்கத்திலேயே டியூஷன் நிலையம். கவுன்சிலரைக் கேட்டால் "என் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?
– ஒரு தாய், ஸ்காபரோ, டொரொன்டோ

பதில்: இல்லை அம்மா, இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. 2018 அக்டோபர் 17-ல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது, கடைகளை எப்படி நடத்துவது என்பதை மாகாணங்களிடம் விட்டார்கள். ஒன்ராறியோ மாகாணம் நகரசபைகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: உங்கள் ஊரில் கடை வேண்டுமா, வேண்டாமா? 2019 ஜனவரி 22-க்குள் சொல்லுங்கள். டொரொன்டோ வேண்டும் என்றது. அத்தோடு கதவு சாத்தியாச்சு, சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. ஒரு தெருவில் இத்தனை கடைதான் என்றோ, இந்தப் பகுதியில் கூடாது என்றோ நகரசபை தனியாக விதி போட முடியாது, தனி உரிமம் கேட்கவும் முடியாது. உங்கள் வீட்டு வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று சொல்கிற அதே நகரசபைதான்!

உரிமம் கொடுப்பது ஏ.ஜி.சி.ஓ. என்ற மாகாண ஆணையம். மதுவையும் சூதாட்டத்தையும் கவனிக்கிறவர்களிடமே இதையும் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை கூடாது என்பது விதி. ஆனால் பள்ளி என்றால் சட்டப்படி பள்ளி, தனியார் பள்ளியும் அதில் அடக்கம். டியூஷன் நிலையம், நடன வகுப்பு, பூங்கா, கோயில் எதுவும் கணக்கில் வராது. நியூயார்க் மாநிலத்தில் வழிபாட்டுத் தலத்துக்கு 200 அடி இடைவெளி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், இங்கே அதுவும் இல்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்தான். அதை ஒட்டிய நாளிலிருந்து 15 நாள், அந்த ஊரில் இருக்கும் யாரும் ஆணையத்துக்கு இணையம் வழியாக எழுதலாம். நகரசபையும் எழுதலாம், ஆகவே கவுன்சிலரிடம் போனால் "தடுத்து நிறுத்துங்கள்" என்று கேட்காதீர்கள், "ஆணையத்துக்கு எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுதும்போது "ஏற்கெனவே இரண்டு இருக்கிறது", "எங்கள் கலாசாரத்துக்கு ஒவ்வாது" என்றெல்லாம் எழுதினால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளவயதினர் பாதுகாப்பு, சட்டவிரோத வியாபாரத்தைத் தடுப்பது, இந்த மூன்றில்தான் காது கொடுப்பார்கள். மாடிப்படிக்கும் கடை வாசலுக்கும் ஒரே நடைபாதை, மாலை ஆறு மணிக்கு இத்தனை பிள்ளைகள் அதில் காத்து நிற்கிறார்கள் என்று படத்தோடு எழுதுங்கள். உரிமம் நின்றுவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் பதினாறாவது நாள் எழுதினால் பயனே இல்லை.

கேள்வி: ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே எங்கள் பக்கம் ஒரு கடையும் இல்லை. மார்க்கம் மாதிரி மற்ற ஊர்களும் துணிந்து நின்றிருக்கலாமே?
– மார்க்கம் வாசகர்

பதில்: நின்றார்களே. ரிச்மண்ட் ஹில், வோன், மிசிசாகா எல்லாம் வேண்டாம் என்ற ஊர்கள்தான். இதற்குக் கொஞ்சம் பணத்தையும் விட்டார்கள், கஞ்சா சட்டபூர்வமானதால் நகரசபைகளுக்கு வரும் செலவுக்கென்று மாகாணம் கொடுத்த நிதியின் இரண்டாம் தவணையில் வேண்டாம் என்ற ஊருக்கு 5,000 டாலருக்கு மேல் கிடையாது. ஆனால் மிசிசாகா 2023 ஏப்ரலில் மனம் மாறிவிட்டது. வேண்டாம் என்ற ஊர் வேண்டும் என்று மாறலாம், மாறியபின் திரும்ப முடியாது.

துணிச்சல் என்று நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஸ்டீல்ஸில் தெற்குப் பக்கம் டொரொன்டோ, வடக்குப் பக்கம் மார்க்கம். நடுவில் சிக்னல் விழும் நேரம்தான் தூரம். போதாததற்கு மாகாண அரசின் சொந்த இணையக் கடை மார்க்கம் முகவரிக்கும் பொதி அனுப்புகிறது. உங்கள் ஊர் தடுத்திருப்பது கடையை, கஞ்சாவை அல்ல.

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் உரிமத்தோடு கஞ்சாக் கடை தொடங்குகிறார், பங்கு சேரச் சொல்கிறார். ஊர் கவுன்சிலே அனுமதித்துவிட்டதே, பயமில்லைதானே?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, பணத்தை அப்படியே வங்கியில் போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் மாநிலத்தில் ஊர் கவுன்சிலுக்கு உண்மையிலேயே பலம் உண்டு, ஒன்ராறியோ மாதிரி இல்லை. 2021 ஆகஸ்ட் 21-க்குள் தடை போட அவகாசம் கொடுத்தார்கள், 565 ஊர்களில் பெரும்பாலானவை போட்டன. அனுமதித்த ஊர்கள் எத்தனை கடை, எந்தத் தெரு, எத்தனை மணிவரை என்று தீர்மானிக்கலாம், விற்பனையில் 2 சதவீதம்வரை ஊர் வரியும் வாங்கலாம். உங்கள் நண்பருக்கு இதெல்லாம் நல்ல செய்தி. உங்களுக்கு இல்லை. குடிவரவு விவகாரத்தைப் பார்ப்பது கூட்டரசு, அதன் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். மாநிலம் அனுமதித்த கஞ்சா வேலையோ வியாபாரமோ கூட குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தையைப் பாதிக்கும் என்று குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலிலேயே எழுதிவைத்துவிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களே இதில் மாட்டுகிறார்கள், நீங்கள் விசாவில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், நண்பரின் வழக்கறிஞரை அல்ல.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்களா?
– குறும்புக்கார வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: போனேன், ஒருமுறை, இந்தப் பதில்களுக்காகவே என்று மனைவியிடம் சொல்லிவிட்டு. வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு ஒன்றும் தெரியாது, தெரியக் கூடாது என்பது விதி. உள்ளே கைபேசிக் கடை மாதிரி வெளிச்சம். ஒவ்வொரு பொதியிலும் மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, சிவப்பில் கஞ்சா இலைச் சின்னம், நம்மூர் மருந்துக்கடைக் கலகலப்பு எதுவும் இல்லை. 19 வயதுக்குக் கீழ் உள்ளே கால் வைக்க முடியாது. 25-க்குக் குறைவாகத் தெரிகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்டே ஆக வேண்டும். வாசலில் நின்ற பிள்ளை என் தலையைப் பார்த்தது, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டது.