குரல்நாண் இறுகினால் மூச்சு எங்கே போகும்? – கேள்வி பதில்

குரல் ஆய்வகத்தில் பேச்சு சிகிச்சையாளராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பேசும்போது குரல்நாண்கள் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்ற நோயைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வகுப்பில் பேசினால் யாரோ கழுத்தை நெரிப்பது போலக் குரல் அறுபடுகிறது. சிரித்தாலும் பாடினாலும் சரியாக வருகிறது. "மனக்குழப்பம்" என்கிறார்கள். உண்மையா, ஐயா? – பள்ளி ஆசிரியை

இல்லை. 1871-இல் லுட்விக் டிரௌபே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் குரல் கம்மலைப் பற்றி எழுதினார். பிறகு வெகுகாலம் மனநோய்ப் பட்டியலில் கிடந்தது. இன்று இது டிஸ்டோனியா, அதாவது தசைகள் தானாக இறுகிக்கொள்ளும் கோளாறின் ஒரு வகை என்று தெரியும். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைச் சுற்றுகளில் பிழை. பேனா பிடித்தால் மட்டும் கை முறுக்கிக்கொள்பவர்கள் உண்டல்லவா, அதுபோல இது பேசும் வேலைக்கு மட்டும் வரும் பிடிப்பு. பாட்டு சரியாக வருவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுவே பெரிய துப்பு.

முகமூடி மாட்டி மூச்சை அளக்கிறார்களாமே, எதை அளக்கிறார்கள்? – பொறியியல் மாணவர்

மூக்கையும் வாயையும் மூடும் வட்ட முகமூடி அது. அதில் மெல்லிய வலை போட்ட துளைகள் இருக்கும். வலையைத் தாண்டும்போது ஏற்படும் அழுத்த வித்தியாசத்திலிருந்து காற்றின் ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். இயல்பான குரலில் வினாடிக்குச் சுமார் 100 முதல் 200 மில்லிலிட்டர் போகும். குரல்நாண்கள் இறுகி மூடும் வகையில் ஓட்டம் குறைந்து, பிடிப்பு வந்த கணத்தில் வரைபடத்தின் கோடு பூஜ்யத்தை நோக்கி விழும். அதிகம் பேருக்கு வருவது இந்த வகை. திடீரென்று திறந்துகொள்ளும் அரிய வகையில் கோடு மேலே எகிறும்; க, ச, த, ப-வுக்குப் பின் வெறும் காற்றுதான் வரும்.

அழுத்தத்தை அளக்க உதட்டோரம் சிறு குழாய் வைத்து 'பி பி பி' என்று சொல்லச் சொல்வோம். உதடு மூடிய நொடியில் வாய்க்குள் இருக்கும் அழுத்தம் குரல்வளைக்குக் கீழே உள்ளதற்குச் சமமாகும். இதில் தமிழர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் வரும் ப நம் வாயில் தானாக மெலிந்து 'அம்பு'வில் வரும் ஒலியாகிவிடும், கணக்கும் கெடும். 'இப்பி இப்பி' என்று அழுத்திச் சொல்ல வைத்த பிறகுதான் எனக்கு ஒழுங்கான கோடு கிடைத்தது.

அப்பாவுக்கு போடாக்ஸ் ஊசி சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. – மகள்

பயம் வேண்டாம், கவனம் போதும். 1984 முதல் குரல்வளையில் போடப்படுகிறது. கழுத்தின் முன்பக்கம் வழியாக, தசையின் மின்துடிப்பைக் கருவியில் ஒலியாகக் கேட்டுக்கொண்டே மிகச் சிறிய அளவு செலுத்துவார்கள். நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடைபடும், பிடிப்பு தளரும். முதல் ஓரிரு வாரம் குரல் காற்றாகப் போகும், தண்ணீர் புரையேறும். அப்பாவை அண்ணாந்து குடிக்க விடாதீர்கள்! தம்ளரை வாய் வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு மடக்காகக் குடிக்கட்டும். பலன் மூன்று நான்கு மாதம். பிறகு மறுபடி ஊசி.

நிரந்தரமாகத் தீர்க்க அறுவை சிகிச்சை இல்லையா?

உண்டு. ஒரு பக்கக் குரல்வளை நரம்பை வெட்டும் முறையை 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டெடோ வெளியிட்டார்; பலருக்கு நோய் திரும்பியது. ஜப்பானில் இஷிகி என்ற மருத்துவரின் முறைப்படி குரல்வளைக் குருத்தெலும்பைப் பிளந்து, டைட்டானியம் பாலம் வைத்து விரித்துவிடுகிறார்கள். நான் ஊசியைத்தான் முதலில் சொல்வேன். பிடிக்காவிட்டால் அதன் விளைவு தானே கரைந்துவிடும், கத்தி அப்படியில்லை.

குரல் பயிற்சி?

தனியாகப் போதாது. ஊசியோடு சேர்த்தால் உதவும்.

ஊசிக்குப் பிறகு "காற்றோட்டம் நன்றாகிவிட்டது" என்று அறிக்கை வந்தது. ஆனால் 'அம்மா' என்று கூப்பிட இன்னும் முடியவில்லை.

அறிக்கையில் இருப்பது சராசரி. ஒரு நொடி அடைத்து மறுநொடி கொட்டினாலும் சராசரி அழகாகத்தான் வரும். குரல்நாண் இறுகி மூடும் வகையில் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்தான் முதலில் மாட்டும். 'ஹலோ' வரும், 'அம்மா' வராது. அடுத்த முறை கோட்டின் முழுப் படத்தைக் கேளுங்கள், அளவெடுக்கும்போது 'அம்மா ஆடு ஓட்டினாள்' என்று சொல்லிக் காட்டுங்கள். ஊசி போட்ட நாள், காற்றுக் குரல் இருந்த நாட்கள், நல்ல குரல் நீடித்த வாரங்கள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். அடுத்த ஊசியின் அளவை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மாற்றுவார்.