பட்டறைக் கேள்வி பதில்: போட் கார்பரேட்டர் ரோட்டுக்கு ஒத்து வருமா?

கே: அண்ணே, நானும் மச்சானும் ஒரு பழைய ஜீப்ப பிரிச்சி ஹாட் ராட் (பழைய பாடில பெரிய இன்ஜின் ஏத்துன வண்டி) மாதிரி கட்டிகினு இருக்கோம். ஸ்பீட் போட்ல இருந்து கழட்டுன 350 க்யூபிக் இன்ச் செவர்லே (செவி) வி8, அதான் எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒண்ணு ஸ்கிராப்ல கெடச்சுது, மேனிஃபோல்டு, ஹோலி கம்பெனி நாலு பேரல் (காத்து போற நாலு வாய் இருக்கற) கார்பரேட்டர் எல்லாம் அதுலயே இருக்கு. மெக்கானிக் "போட் கார்பரேட்டர் வண்டிக்கு ஆவாது, தூக்கி போட்டுட்டு வேற வாங்கு"ன்றாரு. நெஜமா?
– வாசகர், காட்பாடி

ப: தூக்கிப் போடாதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. போட்ல இன்ஜின் இருக்கறது மூடுன பொட்டிக்குள்ள, பெட்ரோல் ஆவி காத்த விட கனம், அது அடியில போய் தேங்கி நிக்கும், ஒரு ஸ்பார்க் பட்டா மொத்தமும் போச்சு. அதனால போட் கார்பரேட்டர்ல பெட்ரோல் எந்த வழியா வழிஞ்சாலும் வெளிய சிந்தாம உள்ளயே போற மாதிரி பண்ணி வச்சிருப்பாங்க. மேல பாருங்க, வென்ட் ட்யூப் (ஆவி வெளிய போற குழாய்) வளைஞ்சு கார்பரேட்டர் வாய்க்குள்ள எட்டிப் பாக்கும், த்ராட்டில் ஷாஃப்ட்ல சின்னதா காடி வெட்டியிருக்கும், ஒழுகுனா உள்பக்கமாத்தான் ஒழுகும். இதனால வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்ல. தலைகீழா, கார் கார்பரேட்டர போட்ல மாட்றதுதான் ஆபத்து, அத மட்டும் யாரும் பண்ணாதீங்க.

சைஸும் சரியா வரும். 350 க்யூபிக் இன்ச்ச 5,500 ஆர்பிஎம்மால பெருக்கி 3,456-ஆல வகுத்தா 557 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்துன்ற கணக்கு), சிலிண்டர் முழுசா ரொம்பாது, அதுல 85 சதவீதம்னு வச்சா 473 கிட்ட வரும், 600 சிஎஃப்எம் கார்பரேட்டரே தாராளம், 750 வேணும்னு யாராவது ஏத்தி விட்டா கேக்காதீங்க.

சிக்கல் வேற எடத்துல இருக்கு. போட் ஒரே ஆர்பிஎம்ல மணிக்கணக்கா லோடு இழுக்கும், அதுக்கு தோதா ஜெட்ட (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) ரிச்சா, அதாவது பெட்ரோல் கூட வர்ற மாதிரி வச்சிருப்பாங்க, நீங்களோ வேலூர் கிரீன் சர்க்கிள் ஜங்ஷன்ல நின்னு நின்னு போவணும், அங்க ஐட்லிங்கும் லேசா மிதிக்கறப்ப எடுக்கற பிக்கப்பும்தான் முக்கியம். ஆனா மொத நாளே ஜெட்ட எறக்காதீங்க, இப்ப பங்க்ல வர்றது இ20, இருபது பங்கு எத்தனால், அதுக்கு பெட்ரோல விட கொஞ்சம் ரிச்சாவே மிக்சர் வேணும், போட் ஜெட் அதுக்கே ஓரளவு சரியா ஒக்காந்துடலாம். ஓட்டிட்டு பிளக்க கழட்டி பாருங்க, கரி அப்பியிருந்தா ரெண்டு நம்பர் எறக்குங்க, வெளுத்துப் போய் இருந்தா எறக்கவே எறக்காதீங்க, லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடி இன்ஜின் தட்ட ஆரம்பிச்சா பிஸ்டன் போயிடும். பழைய டயஃப்ரம், நீடில் வால்வ் ரப்பர், ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கறதா பாத்து மாத்திடுங்க, இதுல காசு பாக்காதீங்க.

அப்புறம் வேக்கம், அதான் இன்ஜின் காத்த உறிஞ்சற இழுப்பு. நெறைய போட் கார்பரேட்டர்ல பிசிவி வால்வுக்கும் (இன்ஜின் அடியில சேர்ற புகைய திரும்ப உறிஞ்சறது) டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸுக்கும் (ஸ்பார்க்க முன்கூட்டியே தர்றது) ஓட்டையே இருக்காது, பவர் பிரேக் வச்சா அதுக்கும் வேக்கம் வேணும், இல்லன்னா பெடல் கல்லு மாதிரி நிக்கும். வேக்கம் போர்ட் வச்ச ஃபீனாலிக் ஸ்பேசர் (சூடு கடத்தாத பிளாஸ்டிக் கட்டை) ஒண்ணு கார்பரேட்டருக்கு அடியில குடுத்தா பிசிவி, பிரேக் ரெண்டுக்கும் லைன் எடுத்துக்கலாம், கூடவே நம்ம ஊரு சூடும் அடங்கும். போட்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட சுத்தி தண்ணி ஓடும், வண்டில அது இல்ல, மே மாச மத்தியானம் வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வந்தீங்கன்னா கார்பரேட்டர் பவுல்ல (பெட்ரோல் நிக்கற கிண்ணம்) பெட்ரோல் கொதிச்சு அந்த வளைஞ்ச ட்யூப் வழியா மேனிஃபோல்டுக்குள்ள சொட்டியிருக்கும், ஸ்டார்ட் ஆவாது. பம்ப் பண்ணாம ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுகினு செல்ஃப் அடிங்க, எடுத்துடும். ஸ்பேசர் போட்டா ஒசரம் கூடும், பானட் இடிக்குதான்னு முன்னாடியே அளந்துக்கங்க. டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கம் அட்வான்ஸ் இருக்கற கார் மாடலா மாத்திட்டா மைலேஜும் கொஞ்சம் தேறும்.

இன்னொண்ணு, போட் ஃப்யூவல் பம்ப்ல ரெண்டு டயஃப்ரம், நடுவுல இருந்து ஒரு கண்ணாடி மாதிரி ட்யூப் கார்பரேட்டருக்கு வரும், டயஃப்ரம் கிழிஞ்சா அதுல பெட்ரோல் தெரியும். கார் பம்ப் மாட்டுனீங்கன்னா கார்பரேட்டர்ல அந்த வாய அடைச்சிடுங்க, தெறந்து கெடந்தா தூசி அந்த வழியா உள்ள போவும்.

கே: அதே மாதிரி போட் மேனிஃபோல்டு எங்கிட்டயும் இருக்கு சார். கார்பரேட்டர் மேல கம்பி வலை மாதிரி ஒண்ணு இருக்கு, அதுவே ஏர் ஃபில்டரா?
– வாசகர், ஆற்காடு

ப: இல்லவே இல்ல சார். அது ஃப்ளேம் அரெஸ்டர், இன்ஜின் பேக்ஃபயர் அடிச்சா நெருப்பு வெளிய வராம தடுக்கறதுக்கு. தண்ணி மேல ஏது தூசி? நம்ம பக்கம் குவாரி லாரிக்கு பின்னாடி ஒரு நாள் ஓட்டுங்க, பாலாத்து ஓரம் மணல் பறக்கறப்ப ஒரு நாள் ஓட்டுங்க, அந்த வலைய தாண்டி போற தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் உரசி எடுத்துடும். பாக்க ஷோக்கா இருக்குன்னு நெறைய பேரு அதையே விட்டுடறாங்க, எனக்கு அது சுத்தமா புடிக்கல. பெரிய வட்டமான பேப்பர் ஃபில்டர் மாட்டுங்க.

மேனிஃபோல்டு அலுமினியமா? உப்புத் தண்ணில ஓடுனதா? அப்ப முன்பக்கம் தண்ணி ஓட்டைய சுத்தி விரல வச்சு தடவிப் பாருங்க, கரையான் அரிச்ச மாதிரி குழி இருக்கும். கேஸ்கட் எத்தன தடவ மாத்துனாலும் அங்க சீல் ஆவாது, தண்ணி ஆயில்ல கலந்து காபி கலர்ல வரும். எம்-சீல் வைக்கறேன்னு எவனாவது சொன்னா எடத்த காலி பண்ணுங்க. ஆர்கன் வெல்டிங் வச்சு மில்லிங்ல முகம் புடிக்கணும், குழி ஆழமா போயிருந்தா கார் மேனிஃபோல்டே வாங்கிடலாம், வெல்டிங் கூலிக்கு அது பரவால்ல. தெர்மோஸ்டாட்டும் மாத்துங்க, கடல் தண்ணி நேரா ஓடுற இன்ஜின்ல 60 டிகிரி கிட்ட தெறக்கறது இருக்கும், ரோட்டுக்கு 82 வேணும், இல்லன்னா இன்ஜின் சூடே ஏறாம ஆயில் கெட்டுப்போவும்.

கே: வி8 ஏத்துனா ஆர்டிஓ ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?
– வாசகர், குடியாத்தம்

ப: சொல்லுவாங்க! மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, இன்ஜின் மாத்தணும்னா முன்கூட்டியே அனுமதி, ஆர்சில பதிவு. இல்லாம ஓட்டுனா 182ஏ-படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா ஃபைன், ஆறு மாசம் வரைக்கும் உள்ளயும் வைக்கலாம். ஸ்கிராப்ல எடுத்த போட் இன்ஜினுக்கு அனுமதி வாங்கறது லேசு கெடையாது. ஷோவுக்கு, சொந்த எடத்துல ஓட்டறதுக்குன்னா கட்டுங்க.

கே: ஒரு போட் இன்ஜின் ரொம்ப சல்லிசா வருது. வாங்கறதுக்கு முன்ன எத பாக்கணும்?
– வாசகர், சத்துவாச்சாரி

ப: எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. ரெண்டு இன்ஜின் வச்ச போட்ல ரெண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிரா சுத்தணும்னு ஒரு இன்ஜின தலைகீழா சுத்த விடற வழக்கம் உண்டு. வண்டில மாட்டுனா நாலு ரிவர்ஸ் கியரு, ஒரு ஃபார்வர்டு கியரு! முன்னாடி நின்னு பாத்தா கடிகாரம் சுத்தற பக்கமா சுத்தணும். செவர்லே வி8ல நார்மல் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் ஒவ்வொண்ணா எரியற வரிசை) 1-8-4-3-6-5-7-2, தலைகீழ் இன்ஜின்ல 1-2-7-5-6-3-4-8. அப்படிப்பட்டத நேராக்கணும்னா கேம், ஸ்டார்டர், கிராங்க் சீல்னு ஒவ்வொண்ணா மாத்திகினே போவணும், சல்லிசு வெல எங்கயோ போய் நிக்கும். விக்கறவரு "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது"ன்னா பேட்டரி குடுத்து செல்ஃப் அடிச்சு காட்டச் சொல்லுங்க.