கணினி கேள்வி – பதில்: பாதியில் நிற்கும் கேம் இன்ஸ்டாலர்கள்

விடுமுறைக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேம்களை நிறுவுவதில் ஏற்படும் சிக்கல்களைப் பற்றியே இருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய ஒரு கேமின் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (இணையமின்றி நிறுவ உதவும் கோப்புகளை) விடுதி இணையத்தில் பதிவிறக்கி, புதிய பென் டிரைவில் எடுத்துச் சென்று வீட்டுக் கணினியில் நிறுவினேன். முக்கால் பங்கு முடிந்ததும் ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று நின்றுவிடுகிறது. விண்டோஸையே புதிதாகப் போட்டும் பயனில்லை. – மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: விண்டோஸைப் புதிதாகப் போடுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் எரர் பெட்டியைப் படித்திருக்க வேண்டும். இனி அந்தப் பெட்டி வந்தால் உடனே ‘ஓகே’ கொடுத்து மூடிவிடாமல், அதில் காட்டப்படும் கோப்பின் பெயரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, அதே இன்ஸ்டாலரை மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே கோப்பில் நின்றால், பென் டிரைவில் வந்த பிரதி பழுதானது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். முதலில் ஒரு கோப்பிலும் அடுத்து வேறொரு கோப்பிலும் நின்றால், அல்லது ஒருமுறை எழுபது சதவீதத்திலும் மறுமுறை முப்பதிலும் நின்றால், இன்ஸ்டாலரை விட்டுவிட்டு ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, சந்தேகியுங்கள்.

பெரிய கேம்களின் கோப்புகள் இறுக்கமாகச் சுருக்கப்பட்டு வருகின்றன. அவற்றை விரிக்கும் வேலையில் ரேம் இடைவிடாமல் எழுதப்பட்டுப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியும் விரிந்தபின் அதன் சரிபார்ப்பு எண் ஒத்துவருகிறதா என்று இன்ஸ்டாலர் பார்க்கிறது. எங்கோ ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் ஒத்துவராது. அதே ரேமில் படம் பார்த்தாலும் பிரவுசரில் உலவினாலும் கோளாறு வெளியே தெரியாமல் போகலாம். அதனால்தான் ‘மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, இந்தக் கேம்தான் சரியில்லை’ என்று பலரும் எழுதுகிறார்கள். விண்டோஸிலேயே இருக்கும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனையை இரவில் ஓடவிடுங்கள். இரண்டு ரேம் ஸ்டிக்குகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பகுதியில்) எக்ஸ்எம்பி என்ற தெரிவு வழியாக ரேமின் வேகத்தை ஏற்றியிருந்தால் இயல்பான வேகத்துக்கு இறக்கிவிடுங்கள்.

ஒரே கோப்பில்தான் நிற்கிறது என்றால், விடுதிக் கணினியில் உள்ள மூலக் கோப்பையும் வீட்டில் உள்ள பிரதியையும் ஒப்பிட வேண்டும். கோப்பின் அளவு சமமாக இருப்பது போதாது. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘செர்ட்யூட்டில்’ (certutil) என்ற கட்டளையை ‘ஹாஷ்ஃபைல்’ (-hashfile) என்ற தெரிவுடன் கொடுத்து, கோப்பின் பெயரையும் இறுதியில் எஸ்எச்ஏ256 (SHA256) என்பதையும் சேர்த்தால், அந்தக் கோப்புக்கே உரிய, கைரேகை போன்ற 64 இலக்க ஹாஷ் கிடைக்கும். இரு கணினிகளிலும் அது ஒன்றாக இருந்தால் பிரதி நல்லது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மறுபடி நகலெடுப்பதைத் தவிர வழியில்லை.

இதில் பென் டிரைவைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பென் டிரைவ்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபிதான்; உள்ளிருக்கும் கன்ட்ரோலர் பொய்யான கொள்ளளவை விண்டோஸுக்குச் சொல்லுமாறு மாற்றப்பட்டிருக்கும். உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதப்படுபவை தொலைந்துபோகும் அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே எழுதப்படும். ஆனால் கோப்பின் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும் சோதனைதான். புதிதாக வாங்கும் ஒவ்வொரு டிரைவுக்கும் இதைச் செய்வது நல்லது.

கேள்வி: நண்பன் கொடுத்த செட்டப் கோப்பைத் திறந்தால் சற்று நேரத்தில் ‘இரண்டாம் டிஸ்கைச் செருகவும்’ என்கிறது. என் லேப்டாப்பில் டிஸ்க் டிரைவே கிடையாது. – வள்ளியூர் வாசகர்

பதில்: அது கேட்பது டிஸ்கை அன்று, உடன் வந்திருக்க வேண்டிய, ‘.bin’ என்று முடியும் ‘பின்’ கோப்புகளைத்தான். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை வைக்க முடியாது என்பதால், ஆஃப்லைன் இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் ஒரு சிறிய செட்டப் கோப்பாகவும் எண்ணிட்ட பல பின் கோப்புகளாகவும் பிரிக்கப்படுகின்றன. அனைத்தும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். அந்த நண்பர் ஒரு கோப்பை மட்டும் தந்திருக்கிறார். அவரிடம் மீதியைக் கேட்பதைவிட, தாங்களே ஒரு பிரதி வாங்கிவிடுவது முறையாகவும் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியில் யூசர் பெயரை ‘ஆச்சி வீடு’ என்று தமிழில் வைத்திருக்கிறோம். ஆச்சிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் சில பழைய கேம்களை நிறுவும்போது, தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று வருகிறது. பாதையில் பெயருக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிகின்றன. டி டிரைவில் தாராளமாக இடம் இருந்தும் ‘இடம் போதவில்லை’ என்றும் வருகிறது. – கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: அந்தக் கேள்விக்குறிகளிலேயே விடை இருக்கிறது. இன்ஸ்டாலர்கள் வேலை செய்யும்போது கோப்புகளை முதலில் ‘டெம்ப்’ ஃபோல்டரில் விரிக்கின்றன; அது யூசர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூனிகோடு முறையை அறியாத பழைய இன்ஸ்டாலரால் தமிழ் எழுத்துள்ள பாதையைப் படிக்க இயலாமல் நின்றுவிடுகிறது. கன்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆகவே சி டிரைவில் ஆங்கில எழுத்துகளில் ‘டெம்ப்’ என்ற ஃபோல்டரை உருவாக்கி, சிஸ்டம் அமைப்புகளில் ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்று, டெம்ப், டிஎம்பி ஆகிய இரண்டையும் அந்தப் புதிய ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள். டி டிரைவில் தாராளமாக இடம் இருந்தும் ‘இடம் போதவில்லை’ என்று வந்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதற்கும் காரணம் இதே டெம்ப் ஃபோல்டர்தான். கேமை டி டிரைவில் நிறுவினாலும் அது விரிக்கப்படுவது சி டிரைவில். எனவே அந்தப் புதிய டெம்ப் ஃபோல்டரைச் சி டிரைவுக்குப் பதிலாக டி டிரைவிலேயே அமைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

இவ்வளவு செய்தும், நிறுவிய கேம் தன் சேவ் கோப்புகளை ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் எழுத முயன்று அதே காரணத்தால் தடுமாறலாம். அப்போது கேம் விளையாடுவதற்கென்று ஆங்கில எழுத்தில் இன்னொரு யூசர் கணக்கைத் தொடங்குங்கள். ஆச்சியின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் (நிரல்கள் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று வருகிறது. அந்தக் கோப்பை மட்டும் எங்கே பதிவிறக்குவது? – சங்கரன்கோவில் வாசகர்

பதில்: எங்கும் பதிவிறக்காதீர்கள். தனி டிஎல்எல் கோப்புகளைத் தரும் தளங்களில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை நிறுவுங்கள். 64 பிட் விண்டோஸ் ஆனாலும் 32 பிட், 64 பிட் ஆகிய இரண்டு தொகுப்புகளும் தேவை. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று வந்தால், 2010 ஜூனில் வெளியான டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பை நிறுவ வேண்டும். விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் அந்தப் பழைய கோப்புகள் தாமாக வருவதில்லை.

கேள்வி: ஐஎஸ்டன், யுனார்க் என்று ஏதோ எரர் வருகிறது. – மேலப்பாளையம் வாசகர்

பதில்: பணம் கொடுத்து வாங்கிய கேமில் இந்த எரரைப் பார்ப்பது அரிது. பிறர் உடைத்து, மிகையாகச் சுருக்கி, உரிமையின்றிப் பகிரும் தொகுப்புகளில்தான் இது பெரும்பாலும் வரும். அதைச் சரிசெய்யும் வழியை இந்தப் பகுதியில் எழுத விருப்பமில்லை.

கேள்வி: ஒருபுறம் காற்றாலைகள், மறுபுறம் கூடங்குளம், இருந்தும் நிறுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது அந்தக் கேமை நீக்கவும் முடியவில்லை, ஓடவும் இல்லை. – ராதாபுரம் வாசகர்

பதில்: கேமை நீக்குவதற்கான குறிப்பு, நிறுவும் வேலையின் முடிவில்தான் முழுமையாக எழுதப்படுகிறது, தங்களுக்கு அது எழுதப்படவில்லை. அதே இன்ஸ்டாலரை அதே ஃபோல்டருக்கே மீண்டும் ஓட்டி முழுமையாக முடியுங்கள். பிறகு தேவையானால் முறைப்படி நீக்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வழியாக வாங்கியதாயின், கேமின் பண்புகள் பகுதியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்தினால் குறைந்தவற்றை மட்டும் அது மீண்டும் இறக்கிக்கொள்ளும். அதற்கு முன் டிரைவில் பிழைகளைத் தேடும் ‘செக்டிஸ்க்’ சோதனையை ஓட்டிவிடுங்கள். யுபிஎஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: 2000-ஆம் ஆண்டையொட்டி வாங்கிய கேம் சிடிக்கள் நிறைய இருக்கின்றன. விண்டோஸ் 11-இல் ஒன்றும் ஏறவில்லை. – தென்காசி வாசகர்

பதில்: காரணம் இரண்டு வகைப்படும். அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் கேம் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவும் செட்டப் நிரல் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது. சரக்கு நன்றாக இருந்தும் அதை இறக்கிவைக்க ஆள் வராத நிலை அது. டாஸ் கேம்களாயின் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பெரும்பாலானவை ஓடும். மற்றவற்றுக்கு, விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மென்பொருளில்) பழைய 32 பிட் விண்டோஸை நிறுவிப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் சேஃப்டிஸ்க் போன்ற நகல் தடுப்பு முறைகள். சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான டிரைவர் என்ற துணை நிரலில் பாதுகாப்புக் குறை இருந்ததால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் ஒரு புதுப்பிப்பு வழியாக அது முடக்கப்பட்டது. இத்தகைய கேம் நிறுவப்பட்டாலும் தொடங்காது. சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக (சிடி முழுவதன் ஒரே கோப்புப் பிரதியாக) மாற்றினாலும் இந்தத் தடை நீங்காது. ஆனால் சிடி தேய்ந்து கெடும் முன் ஐஎஸ்ஓ எடுத்து வைப்பது எப்படியும் பயன்தரும். சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். மிகவும் பிடித்த கேம் ஒன்றிரண்டை ஜிஓஜி போன்ற கடைகளில் தேடிப் பாருங்கள். பழைய கேம்களை இன்றைய விண்டோஸுக்கு ஏற்பத் திருத்தி, நகல் தடுப்பு இல்லாமல் விற்பதற்கென்றே 2008-இல் தொடங்கப்பட்ட கடை அது.

கேள்வி: என் பிள்ளைகள் வாங்கிய கேம்களின் இன்ஸ்டாலர்கள் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கலந்து கிடக்கின்றன. ‘செட்டப்’ என்ற பெயரிலேயே பத்துப் பதினைந்து கோப்புகள். முன்பு இருந்த இன்னொரு டிஸ்க், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் அலமாரியோடு நனைந்து வீணானது. எப்படி ஒழுங்குபடுத்துவது? பழைய பதிப்புகளை நீக்கலாமா? – வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: முதலில், எவை இன்ஸ்டாலர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டீமின் ஃபோல்டரிலிருந்து அப்படியே நகலெடுத்த கேம் இன்ஸ்டாலர் ஆகாது. அதை மீட்க ஸ்டீம் கணக்கும் இணையமும் வேண்டும். பதிவிறக்கும் நேரத்தை அது மிச்சப்படுத்தும், அவ்வளவே. எந்தக் கணக்கும் கேட்காமல் தனியாக நிறுவக்கூடியவற்றைத்தான் நெடுநாள் பாதுகாக்க வேண்டும்.

கேம் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர் போதும். ஃபோல்டரின் பெயரில் கேமின் பெயர், பதிப்பு எண், பதிவிறக்கிய ஆண்டும் மாதமும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் செட்டப், பின் கோப்புகளின் பெயர்களைத் தொடவே கூடாது. முன்பே சொன்ன ‘இரண்டாம் டிஸ்க்’ தொல்லை பல வீடுகளில் பெயர் மாற்றுவதால்தான் வருகிறது. கேமைத் திருத்தப் பின்னர் வரும் பேட்ச் கோப்புகளை 01, 02 என்று எண்ணிட்ட துணை ஃபோல்டர்களில் நிறுவ வேண்டிய வரிசைப்படி வையுங்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததை ஏற்றினால் சில கேம்கள் ஏற்காது. இவற்றோடு ஒரு நோட்பேட் கோப்பு இருக்க வேண்டும். சீரியல் எண், எந்தக் கணக்கில் வாங்கியது, எந்த ரன்டைம் தொகுப்பு தேவைப்பட்டது, ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ‘விஷுவல் சி++ 32 பிட் போட்ட பிறகே ஓடியது’ என்ற ஒரு வரி, மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மாலை நேரத்தையே மிச்சப்படுத்தும்.

டிஸ்கை, பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அடிக்கடி எடுக்காமல் வைத்திருக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியைவிடச் சாதாரண ஹார்ட் டிஸ்கே ஏற்றது. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடக்கும் எஸ்எஸ்டியில் பதிவுகள் மங்கக்கூடும்.

தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைக் கண்ட தங்களுக்கு இரண்டாவது பிரதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிரதியும் அதே வீட்டில் பரணில் இருந்தால் இடி மின்னலுக்கும் திருட்டுக்கும் காப்பாகாது. மச்சினன் வீடு ஆலங்குளத்திலோ நாங்குநேரியிலோ இருந்தால் ஒரு டிஸ்கை அங்கே கொடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க் கொடைக்குப் போகும்போது இங்குள்ளதையும் அங்குள்ளதையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் முன் ஹாஷ்களைச் சரிபார்த்து, ஏதேனும் ஒரு கேமை இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பாருங்கள். அப்படி நிறுவிப் பார்க்காத தொகுப்பை பேக்கப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய பதிப்புகளைப் பொறுத்தவரை, புதிய பதிப்பை நிறுவி, பழைய சேவ் கோப்பு அதில் திறப்பதைப் பார்த்த பிறகு நீக்கலாம். பிள்ளைகள் மோட் (பிறர் எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) பயன்படுத்தும் கேம்களில் மட்டும் பழையதை வைத்திருங்கள். பல மோட்கள் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கென்றே எழுதப்பட்டவை, அடுத்ததில் ஓடுவதில்லை. சேவ் கோப்புகள் இன்ஸ்டாலர் டிஸ்கில் தாமாக வந்து சேர்வதில்லை. அவை டாக்குமென்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஆகிய ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கும். அவற்றையும் அந்தந்த கேமின் ஃபோல்டருக்குள் தனியே நகலெடுத்து வையுங்கள்.