பள்ளிக்கூடம் முடிந்த பிறகு: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை

சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பாளையங்கோட்டை வீட்டுக்கு யாராவது ஒரு பெற்றோர் வந்தபடிதான் இருப்பார்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

டீச்சர், என் மகனுக்கு 15 வயசு. அறிவுசார் குறைபாடு. ஒன்பதாவது படிக்கிறான். பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு வீட்டில் சொல்றாங்க. சரிதானா? (களக்காடு)

சரியில்லை. பிளஸ் டூ முடிந்தால் சிறப்பாசிரியர், பழகிய பிள்ளைகள், காலையில் குளித்துக் கிளம்புகிற பழக்கம் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். அப்புறம் டிவி, கட்டில். நான் பார்த்த பல வீடுகளில் இதுதான் நடந்தது.

பிள்ளைக்கு 16 வயதாவதற்குள் அடுத்த கட்டத்துக்கான திட்டத்தைப் பள்ளியே எழுதியாக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. அதன் பிறகு என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து எழுதித் தர மாட்டார்கள். அது நம் பொறுப்பு.

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் இப்போது கையில் இருக்கிறார். பாடம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பணம், நேரம், சமையலறை வேலை இவற்றைச் சொல்லிக்கொடுங்கள் என்று அவரிடம் கேளுங்கள். வீட்டில் நீங்களும் செய்யலாம். 50 ரூபாய் நோட்டைக் கொடுத்து அண்ணாச்சி கடையில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லுங்கள். மீதியை எண்ணத் தெரியாவிட்டால், திரும்பி வர வேண்டிய நோட்டையும் காசையும் ஒரு அட்டையில் அதே அளவில் வரைந்து கொடுத்தனுப்புங்கள். வாங்கிய சில்லறையைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பான். ஒரு வட்டம் காலியாக இருந்தால் கடைக்காரரிடம் நீட்டுவான். தப்பாக வாங்கி வந்தால் அவனையே திரும்ப அனுப்புங்கள். நீங்கள் போகாதீர்கள்.

மகளுக்குக் காது கேட்காது. அடுத்த வருஷம் காலேஜ். இடம் கிடைக்குமா? (முக்கூடல்)

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இடத்தைவிட வகுப்பைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே செவித்திறன் குறைந்தோருக்குப் பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. சைகை தெரிந்தவர்களோடு இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கல்லூரியில் திடீரென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசும் பேராசிரியர் அமைவார். சேர்வதற்கு முன்னாலேயே துறைத் தலைவரைப் பாருங்கள். குறிப்பு பகிரத் தோழி ஒருத்தி, முன் வரிசை, பாடக் குறிப்பு எழுத்தில் என்று மூன்றையும் கேட்டு வையுங்கள்.

ஆறு வயசில் வாங்கின சான்றிதழ் இருக்கு. போதுமா? (மேலப்பாளையம்)

அதில் காலாவதித் தேதி இருக்கிறதா பாருங்கள். சின்ன வயதில் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் தருவார்கள். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மறுமதிப்பீடு செய்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் (UDID) 18-க்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கையின்போது ஓடினால் மூச்சு வாங்கும்.

பையனுக்கு 18 முடிஞ்சது, ஆட்டிசம். பாங்கில் கையெழுத்துப் போட நான் போனா, கார்டியன் சான்றிதழ் கேக்கிறாங்க. பெத்த தாய்க்கு எதுக்கு சான்றிதழ்? (வள்ளியூர்)

கோபம் நியாயம்தான். ஆனால் 18 வயது முடிந்துவிட்டால், சட்டப்படி தாயும் இன்னொரு ஆள்தான்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலர் (கார்டியன்) நியமிக்கலாம். அதற்குக் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். அந்தக் குழு தரும் சான்றிதழை ஏற்கும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. பையன் பெயரில் சொத்து இருந்தால் நியமனமான 6 மாதத்துக்குள் பட்டியல் தர வேண்டும், பிறகு வருஷா வருஷம் கணக்கு. அதே சட்டத்தின் கீழ் நிரமயா என்று 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, கையோடு கேட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. மூளை முடக்குவாதம் என்றாலே பாதுகாவலர் வாங்கிவிடுகிறார்கள். கை நடுங்கும், பேச்சு குழறும், புத்தி தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைத்தால் தீர்கிற காரியம். எந்த விஷயத்தில் உதவி தேவையோ அதற்கு மட்டும் என்று வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையும் 2016 சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பையனால் எதைத் தானே முடிவு செய்ய முடியும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாக வரும்.

பேத்திக்குப் பார்வை கம்மி. தனியா பஸ்ல எப்படிம்மா அனுப்ப? (பேட்டை, ஒரு ஆச்சி)

ஒரேயடியாக அனுப்ப வேண்டாம் ஆச்சி. முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அதே பஸ்ஸில் பின் சீட்டில், பேசாமல். கடைசியில் அவளை ஏற்றிவிட்டு, ஜங்ஷனில் இறங்கும் இடத்தில் வேறு ஒருவர் நிற்கட்டும். வழி தப்பினால் கண்டக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பயம் உங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை என்று என் ஊகம்.

நான் பிளஸ் ஒன், போலியோ. எல்லாரும் எங்க அம்மாகிட்டதான் கேக்கிறாங்க. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலை கத்துக்கணும், வீட்டில் பேங்க் பரீட்சை எழுதுங்கிறாங்க. (வீரவநல்லூர்)

உன் கேள்விக்குத்தான் தம்பி காத்திருந்தேன். பேட்டை அரசு ஐடிஐக்கு நீயே போய், என்னென்ன பிரிவு இருக்கிறது, மாடிப்படி எத்தனை, கழிப்பறை எப்படி என்று பார்த்துவிட்டு வா. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் அமர் சேவா சங்கத்தையும் ஒருமுறை பார். 1981-ல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வங்கித் தேர்வை அடியோடு ஒதுக்காதே. மத்திய அரசு வேலையிலும் பொதுத்துறையிலும் 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் 1 சதவீதம் உன்னைப் போல் கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு. பார்த்ததை ஒரு தாளில் எழுதி, அப்பா சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருக்கும்போது நீயே பேசு. அம்மாவைத் தூது அனுப்பாதே.