வரைபடத்தில் பச்சை, போர்வெல்லில் உப்பு: என்ன செய்வது?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆறு மா நிலம் வைத்திருக்கிறேன். குறுவை நாற்றங்காலுக்குப் போர்த் தண்ணீர் பாய்ச்சினால் நாற்றின் நுனி வெளுத்துக் காய்கிறது. போர் 180 அடி. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனா மீட்டர் 1,400 காட்டுகிறது. ஆற்றங்கரையில் பங்காளியின் ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) வெறும் 35 அடி. தண்ணீர் கரிப்பே இல்லை. நிலத்தடி நீர் வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சை, அதாவது 'நல்ல நீர்'. போரை இன்னும் ஆழமாக இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள்.

முதலில் அந்த 1,400. பேனா மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதை 0.5-ஆலோ 0.64-ஆலோ பெருக்கிக் காட்டும். எந்த எண்ணால் என்பது கம்பெனியைப் பொறுத்தது. திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் தண்ணீர் ஏறக்குறைய 2,200 முதல் 2,800 மைக்ரோ சைமன்ஸ் (மின்கடத்தும் திறனின் அலகு). பாசன நீரில் 750-க்கு மேல் போனாலே உப்பு அதிகம், 2,250-ஐத் தாண்டினால் மிக அதிகம் என்பது வழக்கமான தரப்பிரிப்பு. நெல் ஏறத்தாழ 2,000 வரை தாங்கும். ஆனால் இளநாற்றும் பூக்கும் பயிரும் அந்த அளவுக்குத் தாங்காது. நாற்றங்காலில் முதலில் தெரிந்தது அதனால்தான்.

சரி, வரைபடம் ஏன் பச்சை? தண்ணீர் எடுத்துச் சோதித்த கிணறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். நடுவில் உள்ள இடத்துக்குக் கணினி கணக்குப் போட்டு நிறம் தீட்டிவிடும். டெல்டாவில் இந்தக் கணக்கு எளிதில் சறுக்கும். ஆறுகள் இடம் மாறி மாறி ஓடிய மண் இது. ஒரு பட்டை மணல், அடுத்த பட்டை களி. பங்காளியின் குழாய் நிற்பது ஆற்று நீர் இறங்கி ஊறும் மணலில். உங்களுடையது அதைத் தாண்டிக் கீழே போய்விட்டது. கடலோரப் பக்கம் அந்த ஆழத்தில் உப்பு தங்கிய அடுக்குகள் உண்டு. 35 அடித் தண்ணீரையும் 180 அடித் தண்ணீரையும் ஒரே தாளில் குறித்தால் அந்த வரைபடம் யாருக்கும் பயன்படாது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. போர் போட்டவர் மணல் தட்டிய இடத்திலெல்லாம் ஃபில்டர் பைப் (தண்ணீர் உள்ளே வரும் துளைக் குழாய்) வைத்திருந்தால், நடுவில் உள்ள ஓர் உப்பு அடுக்கே மொத்தத் தண்ணீரையும் கெடுக்கும். எந்தெந்த அடியில் வைத்தார் என்று கேளுங்கள்.

ஊர் வரைபடத்தை நீங்களே போடலாம். பத்துப் பன்னிரண்டு மோட்டார்க்காரர்கள் சேர்ந்தால் போதும். அரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம். ஒருவர் அப்படிக் கொண்டுவந்து, முடிவைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை! பாட்டிலில் சர்வே எண், ஆழம், ஃபில்டர் இருக்கும் அடி, தேதி எல்லாம் எழுதி, மறுநாளைக்குள் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறனோடு சோடியம், கால்சியம், மக்னீசியம், கார்பனேட், பைகார்பனேட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவுகளைக் கிராம வரைபடத்தில் குறிக்கும்போது 50 அடிக்குள் ஒரு தாள், 100 அடிக்கு மேல் வேறு தாள். ஆறு குறுக்கே போனால் இக்கரைப் புள்ளியையும் அக்கரைப் புள்ளியையும் கோடு போட்டு இணைக்க வேண்டாம். மேட்டூர் திறப்பதற்கு முன் மே மாதம் ஒருமுறை, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை எடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

அதுவரை நாற்றங்காலுக்குப் பங்காளியிடம் தண்ணீர் கேளுங்கள். நடவு வயலுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கலந்து விடலாம்: வாய்க்கால் 500, போர் 2,500 என்றால் சரிபாதி கலக்கும்போது 1,500-க்கு இறங்கும். சம்பாவுக்கு உப்பைத் தாங்கும் ரகம் யோசியுங்கள். ஜிப்சம் மூட்டையைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். சோடியம் மிகுந்த நீருக்கும், சோடியம் ஏறிக் கெட்ட களர் மண்ணுக்கும்தான் அது கேட்கும். வெறும் உப்புக்குப் போட்டால் காசுதான் கரையும். பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்புறம் ஜிப்சம் பற்றிப் பேசுவோம்.