கேள்வி – பதில்: சுழல் இயந்திரத்தில் ஸ்லைடு ஃபிலிம் கழுவுதல்

கேள்வி: கறுப்பு-வெள்ளை ஃபிலிமைப் பல ஆண்டுகளாகக் கையால் கழுவிப் பழக்கம் உண்டு. இப்போது லிஃப்ட் (கரைசலை ஊற்றவும், டேங்கைத் தூக்கி வடிக்கவும் உதவும் பகுதி) பொருத்திய பழைய ஜோபோ இயந்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது; ஃபிலிம் டேங்கை வெந்நீர்த் தொட்டியில் படுக்கவைத்துச் சுழற்றும் வகை. மூன்று கரைசல் கொண்ட இ-6 (நெகட்டிவாக அல்லாமல் நேராகவே படம் தரும் ஸ்லைடு ஃபிலிமைக் கழுவும் முறை) கிட்டும் வாங்கிவிட்டேன். முதல் ரோலைக் கெடுக்காமல் எடுக்க எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: முதல் டெவலப்பரில். கவனத்தில் முக்கால் பங்கை அதற்கே கொடுங்கள். ஏனென்றால், அது ஒரு கறுப்பு-வெள்ளை டெவலப்பர். ஒளி பட்ட இடத்தில் உள்ள வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றி, முதலில் ஒரு நெகட்டிவை உண்டாக்குகிறது. அது தொடாமல் விட்ட மிச்ச உப்புதான் பிறகு கலர் டெவலப்பரில் வண்ணமாகி உங்கள் ஸ்லைடாகிறது. முதல் டெவலப்பர் கூடுதலாக வேலை செய்தால் மிச்சம் குறையும், ஸ்லைடு வெளுக்கும். குறைவாக வேலை செய்தால் ஸ்லைடு இருண்டுவிடும். கலர் டெவலப்பரும் பிளிக்ஸும் (பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்தது; ஃபிலிமிலுள்ள வெள்ளியை நீக்கும் கரைசல்) அப்படியல்ல. அவை வேலையை முடிக்கும்வரை ஓடுபவை. அரை நிமிடம் கூடினால் பெரிய சேதம் இல்லை. முதல் டெவலப்பருக்கு வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ். அதில் 0.3 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடக்கூடாது. நேரத்தை நொடிக் கணக்கில் பாருங்கள்.

இயந்திரத்தின் தொட்டியில் வெந்நீர் 38-ஐக் காட்டினால் போதாது. பாட்டிலுக்குள் இருக்கும் கரைசல் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். தெர்மாமீட்டரைப் பாட்டிலுக்குள் விட்டுத்தான் அளக்க வேண்டும். ஃபிலிம் ஏற்றிய டேங்கை இயந்திரத்தில் மாட்டி, எதையும் ஊற்றாமல் ஐந்து நிமிடம் சுழல விடுங்கள். இரண்டு 35 மி.மீ. ரோல் பிடிக்கும் ஜோபோ 1520 டேங்குக்குச் சுழற்சியில் 240 மில்லிதான் தேவை. அவ்வளவு சிறிய அளவு கரைசல், குளிர்ந்த டேங்கிலும் ரீலிலும் பட்டதுமே சூட்டை இழந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதன்பின் முதல் டெவலப்பர். பெரும்பாலான கிட்டுகளில் ஆறிலிருந்து ஆறரை நிமிடம். உங்கள் கிட்டின் தாளில் சுழல் இயந்திரத்துக்கென்று தனியாகப் போட்டிருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றத் தொடங்கியதிலிருந்து கணக்கு ஆரம்பம். டேங்க் வடிய பத்துப் பதினைந்து நொடி ஆகும். அந்த நொடிகளும் டெவலப்பர் நேரத்தில் சேர்ந்தவை. எனவே நேரம் முடிவதற்கு அவ்வளவு முன்னதாகவே லிஃப்டைத் தூக்கிவிட வேண்டும். உடனே அதே சூட்டில் உள்ள தண்ணீரால் அலச வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, ஐந்தாறு தடவை. இந்த அலசல் சரியில்லை என்றால் முதல் டெவலப்பர் கலர் டெவலப்பருக்குள் போய் வண்ணத்தைக் குலைக்கும். பிறகு கலர் டெவலப்பர் ஆறு நிமிடம், மறுபடி அலசல், பிளிக்ஸ் ஆறிலிருந்து பத்து நிமிடம், கடைசியாக நான்கு நிமிடம் தண்ணீரை மாற்றி மாற்றி அலசல்.

வண்ணம் நிலைக்க உதவும் கடைசிக் கரைசலான ஸ்டெபிலைசரை மட்டும் இயந்திரத்தில் ஊற்றாதீர்கள். ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனிப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். ஸ்டெபிலைசர் ரீலின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை முதல் டெவலப்பரில் நுரை கிளம்பும், ஃபிலிமும் ரீலில் வழுக்கிப் போகாமல் சிக்கும். லிஃப்டின் குழாயையும் ஒவ்வொரு முறையும் கழுவி வையுங்கள். பிளிக்ஸ் சிறிதளவு தங்கி அடுத்த ரோலின் முதல் டெவலப்பரில் கலந்தாலே அந்த ரோல் பாழ்.

கேள்வி: 120 ரோல் (35 மி.மீ.-ஐவிட அகலமான ஃபிலிம்) நான்கை ஒரே டேங்கில் ஏற்ற முடிகிறது. ஒரு ரீலில் இரண்டு ரோலை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுகிறேன். டேங்கில் எழுதியுள்ளபடி 240 மில்லி ஊற்றினேன். நான்குமே இருட்டாக வந்தன. ஒரு ரோல் மட்டும் கழுவினால் நன்றாக வருகிறது. எக்ஸ்போஷரில் தவறு இல்லை.

பதில்: டேங்கில் எழுதியிருப்பது ஃபிலிம் நனைவதற்கான குறைந்தபட்ச அளவு. அதில் எத்தனை ஃபிலிமைக் கழுவலாம் என்பது வேறு கணக்கு. ஒரு லிட்டரில் 12 ரோல் என்று கிட்டின் தாள் சொன்னால், ஒரு ரோலுக்கு ஏறக்குறைய 83 மில்லி. நான்கு ரோலுக்கு 330 மில்லிக்குச் சற்று மேல். நீங்கள் கொடுத்தது ரோலுக்கு 60 மில்லி. ஆறு நிமிடம் முடிவதற்கு முன்பே டெவலப்பர் களைத்துப்போயிருக்கும். கூடுதலாக ஊற்ற இயந்திரத்தின் மோட்டாரும் டேங்கும் இடம் கொடுத்தால் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவைக்கு இரண்டு ரோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 36 படங்கள் கொண்ட 35 மி.மீ. ரோலும் ஒரு 120 ரோலும் பரப்பளவில் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இரண்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் இருக்கிறது. சுழலும் டேங்கில் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்று டெவலப்பரைச் சுற்றுக்குச் சுற்று ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அதனால் சுழல் இயந்திரத்தில் முதல் டெவலப்பரை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவதே எங்கள் பரிந்துரை. மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டாம் முறை ஊற்றினால், நேரத்தை எவ்வளவு கூட்டுவது என்பது ஊகமாகிவிடும். கலக்கிய டெவலப்பரைச் சேமிக்கும்போது பாட்டிலின் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். குறைந்தால் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை ஏற்றலாம்.

கேள்வி: ஃபிலிமின் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட இருட்டாக இருக்கிறது. ரோல் முழுக்க அதே பக்கம்.

பதில்: இயந்திரம் சாய்ந்திருக்கிறது. படுத்துச் சுழலும் டேங்கில் கரைசல் ஒரு முனையில் தேங்கினால், மேடான முனையில் உள்ள ஓரம் போதிய டெவலப்பர் பெறாது. ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் மட்டுமல்ல, டேங்கின் மேலேயே வைத்துப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் அதிகமாக இருந்தால் டேங்க் மிதந்து ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அது டேங்கின் மேல் வைத்த ரசமட்டத்தில் மட்டும்தான் தெரியும். சுழற்சி வேகம் நிமிடத்துக்கு 75 சுற்று அளவில் இருக்கட்டும். திசை மாறி மாறிச் சுழல்வதும் அவசியம்; ஒரே திசையில் ஓடினால் கோடுகள் விழும்.

கேள்வி: ஸ்டெபிலைசரிலிருந்து எடுத்ததும் ஃபிலிம் பால் படிந்ததுபோல் மங்கலாக இருக்கிறது. பிளிக்ஸ் போதவில்லையா?

பதில்: காயட்டும். ஈரமான ஸ்லைடு ஃபிலிம் அப்படித்தான் தெரியும். உலர்ந்த பிறகே நிறத்தையும் அடர்த்தியையும் மதிப்பிட வேண்டும். உலர்ந்த பின்னும் வெண்மையான பகுதிகள் அழுக்குப் பழுப்பாக, படமே மந்தமாக இருந்தால்தான் வெள்ளி தங்கியிருக்கிறது என்று பொருள். அப்போதும் கவலை வேண்டாம். வெளிச்சத்திலேயே புதிய பிளிக்ஸில் மறுபடி போட்டு, அலசி, ஸ்டெபிலைசர் கொடுத்தால் சரியாகிவிடும். இ-6-இல் பிறகு திருத்திக்கொள்ளக்கூடிய தவறு இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

கேள்வி: முழு ரோலும் கறுப்பு, எழுத்துகூட இல்லை. நண்பருக்கோ முழு ரோலும் வெறும் கண்ணாடிபோல வந்தது. இருவரும் ஒரே கிட்டைப் பிரித்துக்கொண்டோம்.

பதில்: ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எண்களும் எழுத்துகளும்தான் இங்கே சாட்சி. அவையும் இல்லாமல் கறுப்பாக வந்தால், கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். முதல் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது தவறாகக் கலந்திருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் ஃபிலிமில் ஒளியே படவில்லை. நண்பருடையது முழுக்கத் தெளிவாக வந்ததற்குக் காரணங்கள் பல: டேங்குக்குள் வெளிச்சம் புகுந்து முழு ஃபிலிமும் முதல் டெவலப்பரிலேயே வெள்ளியாகியிருக்கலாம், கலர் டெவலப்பர் வேலை செய்யாமல் போயிருக்கலாம், பிளிக்ஸ் முறை தவறி முன்னால் போயிருக்கலாம். மூடிகளில் வெவ்வேறு நிற நாடா ஒட்டி, ஊற்றும் வரிசையிலேயே பாட்டில்களை அடுக்கிவைத்தால் கடைசிக் காரணம் ஒழியும்.

கேள்வி: ஆறு கரைசல் கிட் வாங்குவது நல்லதா?

பதில்: நிறையக் கழுவுபவருக்கு ஆம். அதில் பிளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனி. பிளீச்சுக்குக் காற்று பட்டால் நல்லது. சுழல் டேங்க் அதற்கு உதவுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ரிவர்சல் கரைசலுக்கும் கலர் டெவலப்பருக்கும் இடையில் அலசவே கூடாது. மிச்ச உப்பை மூட்டம் போடும், அதாவது ஒளி பட்டதுபோல் ஆக்கும், வேதிப்பொருள் ஃபிலிமில் ஊறியபடியே கலர் டெவலப்பருக்குள் போக வேண்டும். எந்தக் கிட்டானாலும் கையுறை கட்டாயம். கலர் டெவலப்பர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் எளிதில் போகாது.

கேள்வி: 100 ஐஎஸ்ஓ ஃபிலிமை 200-இல் வைத்து எடுத்துவிட்டேன்.

பதில்: முதல் டெவலப்பரை மட்டும் நீட்டுங்கள். ஆறு நிமிடம் என்றால் எட்டு நிமிடம். இரண்டு ஸ்டாப் என்றால், அதாவது 400-இல் வைத்து எடுத்திருந்தால், பதினொன்றரை. மற்றக் கரைசல்களின் நேரம் மாறாது. கான்ட்ராஸ்ட் கூடும்.

கேள்வி: அப்பா எடுத்துக் கழுவாமல் வைத்த கோடாக்ரோம் (கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிம்) ரோல் இரண்டு இருக்கின்றன. இ-6-இல் போடலாமா?

பதில்: கூடாது. கோடாக்ரோமில் வண்ணம் தரும் பொருளே ஃபிலிமில் இல்லை. அது கோடாக்ரோமுக்கென்றே இருந்த கே-14 முறையின் டெவலப்பர்களில் இருந்தது. பின்புறம் கரிய பூச்சு வேறு. அது உங்கள் கரைசல்களிலெல்லாம் கலந்துவிடும். 2009-இல் கோடக் அந்த ஃபிலிமை நிறுத்தியது. அமெரிக்காவின் கான்சஸில் இருந்த கடைசிக் கூடமும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல்களை ஏற்கவில்லை. கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் நெகட்டிவாகக் கழுவி, பூச்சைத் துடைத்தெடுத்தால் அப்பா எடுத்த முகங்களையாவது பார்க்கலாம். ஒரு ரோலின் நுனியில் ஒரு சாண் வெட்டி முதலில் சோதித்துப் பாருங்கள்.